கும்பகோணத்துல பையனுக்கு வயிறு கெட்டப்ப பாத்த மூணு இடம்

டிசம்பர்ல மூணு வாரம் ஊருக்குப் போயிட்டு இப்பதான் கனடாவுல இருக்குற பிராம்ப்டன் வந்து சேந்தோம். கல்யாணம், கோயில்னு எழுத நெறைய இருக்கு, ஆனா எனக்கு மனசுலயே நிக்கிறது என் நாலு வயசுப் பையனுக்கு வயிறு கெட்டுப்போன அந்த நாலஞ்சு நாள்தான். சின்னப் புள்ளைங்களோட ஊருக்குப் போறவங்களுக்கு உதவும்னு எழுதுறேன், முக்கியமா இந்த ப்ரோபயாட்டிக் (வயித்துக்கு நல்லதுன்னு குடுக்குற உயிருள்ள நுண்ணுயிர்) விஷயம், ஏன்னா இப்ப ஊர்ல வயித்துல என்னன்னு சொன்னாலும் முதல்ல அதத்தான் கையில குடுக்குறாங்க.

ஃப்ளைட்டுலயே காதப் புடிச்சிக்கிட்டு அழுதான், எறங்குன மறுநாள் காய்ச்சல். வீட்டுக்குப் பக்கத்துல ஒரு குழந்தைங்க டாக்டர், காலைல ஆறரைக்கே அம்மா போயி டோக்கன் போட்டுட்டு வந்தாங்க, பத்து மணிக்குள்ள பாத்தாச்சு, 400 ரூபா பீஸ். இங்க வாக்-இன் கிளினிக்ல பாதி நாள் உக்காந்து பழகுன எனக்கு அது பெரிய நிம்மதி. காதுக்குள்ள நிதானமா பாத்துட்டு அமாக்சிசிலின் கிளாவுலனேட் சிரப் ஏழு நாளைக்கு எழுதுனாரு. மருந்து சரியான மருந்துதான், ஆனா இதுக்கு வயிறு இளகும், இளகுனா இன்னது பண்ணுங்கன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா எனக்கு அடுத்த ரெண்டு நாள் அவ்ளோ பயம் இருந்திருக்காது.

மூணாம் நாள் ராத்திரி ஆரம்பிச்சுது, விடியறதுக்குள்ள ஆறு தடவ, தண்ணியாட்டம். ஞாயித்துக்கெழம, கிளினிக் லீவு. கடைத்தெருவுல ஒரு மெடிக்கல்ல போயி நின்னேன். அங்க இருந்த தம்பி "எத்தன வயசுக்கா"ன்னு மட்டும் கேட்டுட்டு மூணு சாமான எடுத்து வெச்சான்: அஞ்சு மில்லி ப்ரோபயாட்டிக் பிளாஸ்டிக் பாட்டில் பத்து, ஆரஞ்சு வாசன பானம் டெட்ரா பேக் ரெண்டு, அப்புறம் ஆஃப்லாக்சசின் ஆர்னிடசோல் சிரப் ஒண்ணு. சீட்டு கேக்கல, புள்ள ஏற்கெனவே ஆன்டிபயாட்டிக் குடிக்கிறானான்னும் கேக்கல. அதான் எனக்கு ரொம்ப வருத்தம். ஒரு ஆன்டிபயாட்டிக்கால வயிறு கெட்டுருக்கு, அதுக்கு மேல இன்னும் ரெண்டு ஆன்டிபயாட்டிக் கலந்த சிரப்ப சீட்டே இல்லாம ஒரு குழந்தைக்குக் குடுக்குறாங்கன்னா, அங்க தெனமும் எத்தன அம்மாங்க வாங்கிட்டுப் போறாங்களோன்னு நெனச்சுப் பாத்தேன். நான் அந்த சிரப்பப் பிரிக்கவே இல்ல.

திங்கக்கெழம காலைல பக்கத்துத் தெரு அக்கா சொல்லி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிட்டுப் போனேன், உண்மையச் சொன்னா போறதுக்கு ரொம்ப யோசிச்சேன், பெஞ்சு கூட்டமா இருக்கும், புள்ளைக்கு வேற எதுனா ஒட்டிக்கும்னு. ஆனா அங்க இருந்த நர்ஸ் அக்காதான் இந்த டிரிப்லயே எனக்கு சரியா பேசுன முதல் ஆளு. மருந்து பேச்சே எடுக்கல. "ஏம்மா, புள்ள கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்? அழுறப்ப கண்ணுல தண்ணி வருதா?"ன்னு கேட்டுட்டு, சட்டையத் தூக்கி வயித்துத் தோல ரெண்டு வெரலால கிள்ளி விட்டுப் பாத்தாங்க, தோல் டக்குன்னு பழையபடி போச்சு, "பயப்படாத, தண்ணி வத்தல"ன்னாங்க. என் பைல இருந்த டெட்ரா பேக்க வாங்கி, பின்னாடி திருப்பி சக்கரை எவ்வளவுன்னு காட்டி, இது ஜூஸ்தான்மா, ஓஆர்எஸ் (போக்குல போற தண்ணியையும் உப்பையும் ஈடுகட்டுற உப்பு-சக்கரைக் கரைசல்) இல்லன்னாங்க. சக்கரை அதிகமானா குடலுக்குள்ள இன்னும் தண்ணிய இழுக்கும், போக்கு கூடத்தான் செய்யும். நெஜ ஓஆர்எஸ் பாக்கெட்ல ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், அந்த அளவு இருந்தாதான் உப்பும் குளுக்கோஸும் ஒண்ணு சேந்து தண்ணிய உள்ள இழுத்துக்கிட்டுப் போகும். "வீட்ல ஒரு லிட்டர் எப்படி அளப்ப?"ன்னு கேட்டாங்க, நான் முழிச்சேன். உடனே என் வாட்டர் பாட்டில வாங்கி, அவங்க அளவு ஜக்குல இருந்து ஊத்தி, எந்த எடத்துல நிக்குதோ அங்க மார்க்கர்ல ஒரு கோடு போட்டுக் குடுத்தாங்க. ஒவ்வொரு தடவ போனதும் 100லேந்து 200 மில்லி, ஸ்பூன் ஸ்பூனா, வாந்தி வந்தா பத்து நிமிஷம் விட்டுட்டு மறுபடி. ஜிங்க் மாத்திர 20 மில்லிகிராம் பதினாலு நாளைக்கு. எல்லாம் இலவசம்.

அப்புறம் உள்ள டாக்டர் அம்மா. அவங்ககிட்ட அந்தக் குட்டி பாட்டிலக் காட்டுனேன். அதுல பேசில்லஸ் கிளாசியைன்னு ஒரு பாக்டீரியாவோட ஸ்போர் இருக்கு, ஒரு பாட்டில்ல 200 கோடி, விதை மாதிரி தூங்குற நெலைல இருக்குறதால வயித்து அமிலம் அதத் தொடாது, ஃப்ரிட்ஜும் வேணாம். கெடுதல் இல்ல, ஆனா ஆன்டிபயாட்டிக்கால வர்ற வயித்துப்போக்குக்கு அதிகமா சோதிச்சுப் பாத்தது ரெண்டுதான்னு சொன்னாங்க, ஒண்ணு லாக்டோபேசில்லஸ் ரேம்னோசஸ் ஜிஜி, இன்னொண்ணு சாக்கரோமைசிஸ் போலார்டி. இந்த போலார்டி பாக்டீரியாவே இல்ல, ஒரு ஈஸ்ட், அதனால காதுக்குக் குடிக்கிற ஆன்டிபயாட்டிக் இத ஒண்ணும் பண்ணாது, ரெண்டும் ஒரே நேரத்துல வேல செய்யும். 1920கள்ல ஹென்றி போலார்னு ஒரு பிரெஞ்சுக்காரர் இந்தோசீனாவுல லிச்சி, மங்குஸ்தான் தோல்ல இருந்து எடுத்தது, காலரா காலத்துல அங்க ஜனங்க அந்தத் தோலக் கொதிக்க வெச்சுக் குடிக்கிறதப் பாத்துட்டு.

அந்த போலார்டி பொடி பாக்கெட்ட எழுதறப்ப டாக்டர் ஒரு கேள்வி கேட்டாங்க, வீட்ல யாராச்சும் கீமோ எடுக்குறாங்களான்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு, எங்க பெரியப்பா அதே வீட்ல, அடுத்த ரூம்ல, நெஞ்சுல போர்ட் (ரத்தக் குழாய்க்குள்ள மருந்து ஏத்துற டியூப்) வெச்சு கீமோ எடுத்துக்கிட்டு இருக்காரு. அப்படின்னா இந்தப் பொடிய அவரு இருக்குற ரூம்ல பிரிக்கவே கூடாது, பிரிச்ச கைய சோப்பு போட்டுக் கழுவணும், காத்துல பறந்தோ கையில ஒட்டியோ அந்த டியூப் வழியா ரத்தத்துக்குள்ள ஈஸ்ட் போயிட்டா பெரிய ஆபத்துன்னாங்க. எதிர்ப்பு சக்தி கொறஞ்சவங்களுக்கு ப்ரோபயாட்டிக் எதுவுமே தானா வாங்கிக் குடுக்கக் கூடாது. பெரியப்பாவுக்குத் தெம்பு வரட்டும்னு அதே மாதிரி கேப்சூல் ஒரு டப்பா சொந்தக்காரங்க வாங்கிட்டு வந்து அலமாரில வெச்சிருந்தாங்க, அன்னிக்கே எடுத்துட்டேன், அவரோட கேன்சர் டாக்டர்கிட்ட கேக்காம தொடக் கூடாதுன்னு பெரியம்மாகிட்டயும் சொல்லிட்டேன்.

ரெண்டாவது நாளே தடவ கொறஞ்சுது, நாலாவது நாள் கெட்டியாச்சு, காது மருந்தும் ஏழு நாள் முழுசா குடிச்சு முடிச்சான். பாக்கெட்டாலதான் சரியாச்சா தானா சரியாயிருக்குமான்னு ஒரு புள்ளைய வெச்சு சொல்ல முடியாது. ஆனா மருத்துவ ஆய்வுகள ஒண்ணு சேத்துப் பாக்குற காக்ரேன் அமைப்போட 2019 தொகுப்புல 33 ஆய்வு, ஆறாயிரத்துக்கு மேல புள்ளைங்க, ஆன்டிபயாட்டிக் மட்டும் குடிச்சவங்கள்ல 100க்கு 19 பேருக்கு வயித்துப்போக்கு, கூட ப்ரோபயாட்டிக் எடுத்தவங்கள்ல 8 பேருக்குத்தான். அதாவது முதல் நாள்லயே ஆரம்பிக்கணும், எனக்கு யாரும் சொல்லல. அதே சமயம் கிருமி புகுந்து வர்ற வாந்திபேதிக்கு லாக்டோபேசில்லஸ் வகை ப்ரோபயாட்டிக் ஒதவல, 2018ல கனடாவுல 886 புள்ளைங்க, அமெரிக்காவுல 971 புள்ளைங்கன்னு எமர்ஜென்சிக்கு வந்தவங்ககிட்ட அஞ்சு நாள் குடுத்துப் பாத்து, ஒரு வித்தியாசமும் இல்லன்னு வந்துருச்சு. இங்க டாக்டருங்க வேணாம்னு சொல்றதுக்கும் அங்க எல்லாத்துக்கும் குடுக்குறதுக்கும் நடுவுல நெஜம் இருக்கு, எந்த ஸ்ட்ரெய்ன் (நுண்ணுயிரோட உள்வகை), எதுக்கு, எப்போங்குறதுதான் கேள்வி.

இம்யூனிட்டி, இம்யூனிட்டின்னு ஊர் முழுக்க போர்டு. குடல் சுவர ஒட்டித்தான் நம்ம எதிர்ப்பு அணுக்கள்ல பெரும்பகுதி இருக்கு, உள்ள இருக்குற பாக்டீரியா அதுங்களுக்குப் பாடம் நடத்துதுங்குறதும் உண்மை. ஒடிசா கிராமங்கள்ல பொறந்த குழந்தைங்க 4,556 பேர்ல பாதிப் பேருக்கு ஏழு நாள் ஒரு லாக்டோபேசில்லஸ் பிளான்டாரமும் அதுக்குத் தீனியா ஒரு சக்கரையும் குடுத்து, ரத்தத்துல கிருமி பரவுறதும் சாவும் சேத்து 9 சதவீதத்துல இருந்து 5.4க்கு எறங்குனது 2017ல வந்துச்சு, படிச்சப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஆனா கொல்கத்தாவுல 3,758 புள்ளைங்களுக்கு 12 வாரம் தெனமும் ப்ரோபயாட்டிக் பானம் குடுத்து பேதி கொறஞ்சது 14 சதவீதம்தான். நிறுத்திட்டா கொஞ்ச நாள்ல அந்த பாக்டீரியா வெளில போயிரும், தங்காது. மூணு மாசத்துக்கு ஒரு டப்பா வாங்கி வெச்சா சளியே வராதுன்னு சொல்றத நம்பி காசு போடாதீங்க. குளிர்ல வைக்கணும்னு எழுதிருக்குற பானத்த ஒரு கடைல அணைச்சு வெச்ச ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்துக் குடுத்தாங்க, வெதுவெதுன்னு இருந்துச்சு, வேணாம்னு வந்துட்டேன்.

அம்மா "எங்க தயிர விடவா"ன்னு கேட்டாங்க. தயிர்லயும் உயிரோட பாக்டீரியா இருக்கு, சாதம் ஆறுனப்புறம் பெசஞ்சா, கொதிக்க வெச்ச மோர்க்கொழம்புல இருக்காது. ஆனா ஒவ்வொரு வீட்டு ஒறையிலயும் வேற வேற கூட்டம், அத மருந்து அளவுக்கு எண்ணிச் சொல்ல முடியாது. அவன் வயிறு சரியாகிட்டு வந்தப்ப அம்மா கொழைய வடிச்ச சாதத்துல தயிரும் துளி உப்பும் போட்டு ஊட்டுனாங்க, மூணு நாளா எதையும் தொடாதவன் அந்தக் கிண்ணத்த வழிச்சு சாப்ட்டான்.

நர்ஸ் அக்கா கோடு போட்ட பாட்டில இங்கயும் எடுத்துட்டு வந்துட்டேன், கிச்சன்ல ஓஆர்எஸ் பாக்கெட் பத்தோட அதே ஷெல்ஃப்ல இருக்கு.