தெப்பக்குளத்துப் படியில் மூன்று மடக்குக் கத்திகள்

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக் கரையில் காலை நடையை முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் நால்வர் படியில் உட்கார்ந்து பழம் நறுக்கித் தின்னத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வாரம் ஒருவர் பழம் கொண்டுவர வேண்டும் என்பது ஏற்பாடு. சித்திரை, வைகாசியில் நத்தம் பக்கத்து மாம்பழமும் அதற்கு முன்னால் கிளிமூக்கு மாங்காயும் வரும். மழைக்காலத்தில் ஆயக்குடிக் கொய்யா கிடைக்கும். எதுவும் அகப்படாத வாரத்தில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிய வெள்ளரிப் பிஞ்சு இருக்கவே இருக்கிறது. நால்வரில் நான், வாத்தியார், பூக்கடைத் தம்பி ஆகிய மூவரிடம் மடக்குக் கத்தி உண்டு, மூன்றும் மூன்று வகை. நான்காமவரான ஆசாரி அண்ணன் நாற்பது ஆண்டுகள் உளி பிடித்த கைக்காரர். தமக்கும் ஒரு கத்தி வேண்டும், எதை வாங்கலாம் என்று எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்குச் சொன்ன பதில்களைச் சேர்த்து எழுதியதே இந்த அலசல்.

மதுரைக்காரன் கத்தியைப் பற்றி எழுதுகிறான் என்றதும் திரைப்படங்கள் பழக்கிவிட்ட அரிவாள் நினைவுக்கு வரக்கூடும். இங்கே பேசப்படுவது சட்டைப்பையில் கிடக்கும் பேனாக்கத்தி. இறகுப் பேனாவின் முனையைச் சீவுவதற்குப் பயன்பட்டதால் அந்தப் பெயர் வந்தது. இறகுப் பேனா போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

முதலில் என்னுடையது. பிரான்சு நாட்டின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890-ல் செய்யத் தொடங்கிய கத்தி இது. 1897 வாக்கில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்ணிட்டு அளவுகள் வகுத்தார்கள். அவற்றுள் எட்டாம் எண் கத்திதான் என் பையில் இருக்கிறது. அலகு எட்டரை சென்டிமீட்டர், பிடி பீச் மரம், கழுத்தில் திருகினால் அலகு மடங்காமல் பூட்டிக்கொள்ளும் ஒரு வளையம். இந்த வளையம் 1955-ல் மார்செல் ஒப்பினெல் சேர்த்தது. மரம், அலகு, ஆணி, இரண்டு வளையங்கள் என எல்லாவற்றையும் ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். அலகு மெல்லியதாக இருப்பதால் பழத்தை நறுக்குவதில் மற்ற இரண்டும் இதன் அருகில் வரமுடியாது. கொய்யாவை இதால் அரிந்தால் துண்டுகள் கண்ணாடித் தாள்போல் விழும், விதைகூட நசுங்காது.

குறையும் உண்டு. நான் வாங்கியது கரி எஃகு அலகு, அதாவது துருப்பிடிக்கும் வகை. முதல் கிளிமூக்கு மாங்காயை வெட்டிய அன்றே அலகில் கருநீலத் திட்டுகள் படர்ந்தன. மாங்காயின் புளிப்பும் துவர்ப்பும் இரும்போடு சேர்ந்ததால், வெட்டிய துண்டின் ஓரமும் சாம்பல் நிறமாகி, நாக்கில் இரும்புச் சுவை ஏறியது. வாத்தியார் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "கிணற்று வாளியை நக்கியதுபோல் இருக்கிறது" என்றார். சில மாதங்களில் அலகு முழுவதும் ஒரே சாம்பல் நிறமாகப் படிந்த பிறகு அந்தச் சுவை பெரிதும் குறைந்துவிட்டது. அந்தப் படிவே ஓரளவுக்குத் துருவைத் தடுக்கும் போர்வையாகவும் ஆகிறது. ஆனாலும் நறுக்கியவுடன் துடைக்காமல் மடக்கினால் மறு ஞாயிறு செம்பொடியைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு குறை ஐப்பசியில் தெரியும். அடைமழை பிடித்து இரண்டு நாள் ஆனதும் பீச் மரம் ஈரத்தை உறிஞ்சி ஊதிவிடும். அலகு பிளவுக்குள் இறுகிக்கொண்டு நகத்துக்கு அசையாது. இதற்குச் சவோய்க்காரர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பூட்டு வளையத்தைத் திறந்துவிட்டுப் பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் அலகின் நுனி வெளியே எட்டிப்பார்க்கும். அங்கே மேசை, இங்கே திருமலை நாயக்கர் காலத்துக் கருங்கல் படி. இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. சென்ற ஆண்டு ஆசாரி அண்ணன் அந்தக் கத்தியை வாங்கிப் போய், பிளவின் உட்புறத்தை உப்புத்தாளால் இழைத்து, ஆளிவிதை எண்ணெயை மூன்று நாள் ஊட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு படியில் தட்டும் வேலை அரிதாகிவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு, ஏனென்றால் அந்தத் தட்டு எங்களுக்கு ஒரு காலை மணியாக இருந்தது.

வாத்தியாரின் கத்தி சுவிட்சர்லாந்திலிருந்து மருமகன் கொண்டுவந்த சிவப்புப் பிடி விக்டோரினாக்ஸ். அதன் வரலாற்றை அவர் பாடம் நடத்துவதுபோலச் சொல்வார்: கார்ல் எல்சனர் 1884-ல் இபாக் என்னும் ஊரில் பட்டறை வைத்தது, 1891-ல் சுவிஸ் படைவீரர்களுக்குக் கத்தி கொடுத்தது, 1897 ஜூன் 12 அன்று அதிகாரிகள் கத்திக்குச் சட்டப் பாதுகாப்புப் பெற்றது, 1909-ல் தாய் விக்டோரியா இறந்ததும் அவர் பெயரை நிறுவனத்துக்கு வைத்தது, 1921-ல் துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் இனாக்ஸ் என்ற சொல்லை அதோடு ஒட்டியது. நாங்கள் இதைப் பதினைந்து முறையாவது கேட்டிருக்கிறோம். தாயின் பெயரும் இரும்பின் பெயரும் சேர்ந்த சொல் என்பது மட்டும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பிடித்திருக்கிறது.

மடக்கிய நிலையில் 91 மில்லிமீட்டர் நீளமுள்ள இந்தக் கத்தியில் பூட்டு இல்லை. பின்புறத்து எஃகு வில் அலகின் அடியை அழுத்திப் பிடித்திருப்பதால், திறக்கும்போதும் மூடும்போதும் 'டக்' என்ற ஓசையோடு அது தன் இடத்தில் உட்காரும். எந்தப் புளிப்புக்கும் கறுக்காது. ஆனால் பெரிய அலகே எட்டாம் எண் ஒப்பினெலைவிடக் குட்டை என்பதால், பப்பாளியைக் குறுக்கே வகிர இரண்டு பக்கமிருந்தும் வெட்ட வேண்டியிருக்கிறது. எஃகும் சற்றே மிருதுவானது. அதனால் விரைவில் மழுங்கும், அதே விரைவில் தீட்டவும் வரும். கருவிகளுக்கு நடுவேயுள்ள இடுக்குகளில் மாம்பழச் சாறு இறங்கிவிட்டால்தான் தொல்லை. ஒருமுறை கழுவாமல் அலமாரியில் வைத்ததில் எறும்புகள் வரிசை கட்டி உள்ளே குடியேறிவிட்டன. வெந்நீரில் போட்டு, எல்லாக் கருவிகளையும் திறந்து மூடித் திறந்து மூடி வெளியேற்றினார். கார்க்குத் திருகாணியால் எங்கள் கூட்டத்துக்கு ஒரு பயனும் இல்லை என்று நினைத்திருந்தோம், மூட்டையின் இறுகிய முடிச்சை நெகிழ்த்த அதைவிட நல்ல கருவி இல்லை என்று பூக்கடைத் தம்பி கண்டுபிடிக்கும் வரை. பிடிக்குள் செருகியிருக்கும் சாவணம் எத்தனையோ கருவேல முள்ளை எடுத்திருக்கிறது.

மூன்றாவது கத்தி பூக்கடைத் தம்பியுடையது. இதற்கு நிறுவனப் பெயர் கிடையாது. மதுரையிலிருந்து மானாமதுரை போகும் வழியில் உள்ள திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே ஒரு கொல்லுப்பட்டறையில் மடக்குக் கத்தி கேட்டபோது பட்டறைக்காரர் சிரித்தாராம். அரிவாளுக்கு வாங்கி வைத்திருந்த பழைய லாரி வில்பட்டையில் ஒரு துண்டை வெட்டி, காய்ச்சி அடித்து, கருவேல மரப் பிடியில் ஓர் ஆணி அறைந்து கொடுத்தார். இதில் வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. ஆணியின் இறுக்கம் ஒன்றே அலகை நிறுத்துகிறது. அலகு மற்ற இரண்டையும்விடத் தடிமன் என்பதால் கொய்யாவை நறுக்கும்போது அரிவதைவிடப் பிளப்பதே மிகுதி. ஆனால் வாழை நாரையும் சாக்குக் கயிற்றையும் நாள் முழுக்க அறுக்கும் அவருக்கு அது குறையாகத் தெரிவதில்லை.

பட்டறைக் கத்தியின் தலையெழுத்து தோய்ச்சலில் இருக்கிறது. சிவக்கக் காய்ச்சிய அலகை நீரிலோ எண்ணெயிலோ தோய்க்கும் அந்த நொடியில்தான் அதன் குணம் முடிவாகிறது. பதம் கூடினால் கண்ணாடிபோல் ஒடியும், குறைந்தால் தகரம்போல் மடங்கும். தம்பியின் கத்தி முதலில் பதம் கூடிப்போய், தேங்காய் ஓட்டில் பட்டதும் வாயில் பல் விழுந்ததுபோல் ஒரு சில்லு பெயர்ந்தது. அதை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறிப் பட்டறைக்கே போனார். பட்டறைக்காரர் காசு வாங்காமல் மீண்டும் தோய்ச்சல் போட்டு வாய் எடுத்துக் கொடுத்ததோடு, பேனாக்கத்தியால் தேங்காய் உடைப்பவனைப் பற்றி நாலு வார்த்தையும் சொல்லியனுப்பினார். என் கத்திக்கோ வாத்தியார் கத்திக்கோ அப்படித் திட்டிச் சரிசெய்து தரும் ஆள் எங்கே இருக்கிறார்? இந்த ஒரு கணக்கில் பட்டறைக் கத்தி மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது.

தீட்டுவதில் மூவருக்கும் மூன்று வழி. நான் எண்ணெய்க்கல்லில் இருபது பாகை சாய்த்துத் தீட்டி, பழைய இடைவாரின் உட்புறத்தில் இழுப்பேன். வாத்தியார் கல்லோடு நிறுத்திவிடுவார். தம்பி பீங்கான் குவளையைக் கவிழ்த்து, மெருகேறாத அடி விளிம்பில் நாலு இழுப்பு இழுத்துக் காரியத்தை முடிப்பார். பல நாள் அவர் கத்திதான் என்னுடையதைவிடக் கூராக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு எச்சரிக்கை மட்டும். தெருவில் வந்த சாணைச் சக்கரத்தில் எட்டாம் எண்ணை ஒருமுறை கொடுத்து, நீர் விடாமல் அழுத்திப் பிடித்ததில் நுனி நீலம் பாய்ந்து பதம் போய்விட்டது. நீலம் பாய்ந்த பகுதியைக் கல்லில் தேய்த்துத் தீர்க்க எனக்கு மூன்று ஞாயிறு பிடித்தது.

கூர்மையையும் எஃகையும் பற்றிப் பேசியாயிற்று. ஆனால் நால்வர் கூடித் தின்னும் இடத்தில் கத்தியின் உண்மையான தேர்வு அதை அடுத்தவர் கையில் கொடுக்கும்போதுதான் நடக்கிறது. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் வீடுகளில் எல்லாம் சொன்ன பேச்சு. ஆகவே நாங்கள் படியில் வைப்போம், வேண்டியவர் எடுத்துக்கொள்வார். பூட்டு வளையம் இருப்பதால் ஒப்பினெல்தான் அந்நியக் கைக்குப் பாதுகாப்பானது. விக்டோரினாக்ஸை முனையால் குத்தி அழுத்தாத வரையில் அச்சமில்லை. பட்டறைக் கத்தியோ ஆணி தளர்ந்த நாளில் விரல்மேல் மடங்கக் காத்திருப்பது.

நடப்பதோ நேர்மாறு. வாத்தியார் தம் கத்தியை யாருக்கும் தருவதில்லை. மருமகன் தந்த பொருள் என்பதால் தாமே திறந்து, தாமே நறுக்கி, தாமே துடைத்து மடக்குவார், நமக்குத் துண்டு மட்டும் வரும். நான் கொடுப்பேன், ஆனால் திரும்பி வரும்வரை அலகை ஈரத்தோடு வைத்துவிடுவார்களோ என்று கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன். "பழத்தைப் பாருங்க தம்பி, கத்தி எங்கேயும் ஓடாது" என்று ஆசாரி அண்ணன் ஒருநாள் சொல்லியும்விட்டார். பூக்கடைத் தம்பி மட்டும் கேட்பதற்கு முன்பே கத்தியைப் படியில் வைத்துவிட்டு, "விரலு பத்திரம்ணே" என்று சொல்லிவிட்டுத் தேநீர் வாங்கப் போய்விடுவார். மூன்றில் பாதுகாப்புக் குறைந்த கத்திதான் அதிகக் கைகளைப் பார்த்திருக்கிறது.

சட்டத்தைப் பற்றியும் ஆசாரி அண்ணன் கேட்டார். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் கணக்கில் எடுப்பது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை. வீட்டுக்கும் வேளாண்மைக்குமான கருவிகளை அவையே விலக்கிவிடுகின்றன. நம் கத்திகள் அந்த அளவில் பாதியைக்கூடத் தொடவில்லை. இருந்தாலும் மீனாட்சியம்மன் கோயில் வாசல் சோதனையில் இந்த விளக்கம் எடுபடாது, கோயிலுக்குப் போகும் நாளில் வீட்டிலேயே வைத்துவிடுவதுதான் முறை. விமானத்தில் கைப்பையில் வைக்கவும் கூடாது.

ஆக, ஒரே ஒரு கத்திதான் வாங்க முடியும், அலுவலகம், பயணம், வீடு எல்லாவற்றுக்கும் அதுவே போதவேண்டும் என்பவருக்கு விக்டோரினாக்ஸ் என்பதில் எனக்கு ஐயமில்லை. கயிறு, சாக்கு, மூட்டை என்று கையைக் கடுமையாக வைப்பவர், பட்டறை பக்கத்தில் இருக்குமானால் தம்பியைப் பின்பற்றலாம். பழத்துக்காக மட்டும் என்றால் எட்டாம் எண் ஒப்பினெல், அதிலும் என்னுடையதைப்போலக் கரி எஃகு வேண்டாம், துருப்பிடிக்காத அலகு போட்டதே வேண்டும். என்னுடையதை நான் மாற்றப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஆசாரி அண்ணன், துருப்பிடிக்காத இரும்பு இரும்பில் சேர்த்தியா என்று கேட்டார். கறிச்சோறு கொண்டுபோகும்போது பேய் அண்டாதிருக்கத் தூக்குவாளியோடு ஒரு இரும்புத் துண்டையும் போடுவார் அவருடைய அம்மா. விக்டோரினாக்ஸைப் போட்டால் பேய் ஒதுங்குமா என்பதே அவருடைய ஐயம். இனாக்ஸ் என்றால் என்ன என்று வாத்தியார் மறுபடியும் 1921-லிருந்து தொடங்கினார். கத்தி இன்னும் வாங்கப்படவில்லை. வரும் ஞாயிறு ஆசாரி அண்ணன் முறை. தை மாதம் பிறந்துவிட்டதால் பனங்கிழங்கு அவித்துக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். அதை உரிக்கவும் பிளக்கவும் விரலே போதும்.