ஸ்டார் அனலைசர் 100: வெடிப்பின் வேகத்தை அளக்கப் போதுமா?

இது விண்மீன் ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும் கிரேட்டிங் (நுண்கோடுகள் கொண்ட கண்ணாடி): மில்லிமீட்டருக்கு 100 கோடுகள், 1.25 அங்குல மரை. 3.75 மைக்ரான் பிக்சல் கொண்ட கேமரா சென்சாருக்கு 40 மி.மீ. முன்னால் மாட்டினால் நிறமாலையில் பிக்சலுக்குச் சுமார் 0.94 நானோமீட்டர் அலைநீளம் வரும். அளவுதிருத்தத்துக்கு வேகா விண்மீனின் பால்மர் கோடுகள் (ஹைட்ரஜன் கோடுகள்) போதும்.

விண்மீனே சிதறும் வெடிப்பான சூப்பர்நோவாவுக்கு இது தாராளம். வாயு நொடிக்கு 10,000 கி.மீ. வேகத்தில் விரிந்தால் 656.3 நா.மீ. ஹைட்ரஜன் கோட்டின் உட்கவர் பள்ளம் (வாயு ஒளியை உறிஞ்சிய இருண்ட இடம்) நீலப் பக்கம் சுமார் 22 நா.மீ. நகரும். ஒளியை மறிக்கும் குறுகிய பிளவு (slit) இல்லாததால் மங்கலான ஒளியும் வீணாகாது. விண்மீனின் மேற்பரப்பில் மட்டும் நடக்கும் சிறிய வெடிப்பான நோவாவில்தான் இடிக்கிறது: நொடிக்கு 1,000 கி.மீ. என்றால் நகர்வு வெறும் 2.2 நா.மீ.; விண்மீன் பிம்பத்தின் பருமனே அதை விழுங்கிவிடும். உமிழ்வுக்கோடு பளிச்சென்று தெரிகிறதே என்று ஏமாறாதீர்கள். பக்கத்து விண்மீன் நிறமாலைமேல் விழுந்தால் கேமராவையும் கிரேட்டிங்கையும் சேர்த்தே திருப்புங்கள்.

நோவாவின் தொலைவைக் கணிக்க, வேகத்தோடு, ஆண்டுகள் கழித்து அது வீசிய வாயுக் கூட்டின் கோண ஆரமும் வேண்டும்: வேகம் (கி.மீ./நொடி) × ஆண்டுகள் × 0.21 ÷ கோண ஆரம் (ஆர்க்செகண்ட், அதாவது பாகையில் 3,600-ல் ஒரு பங்கு) = தொலைவு (பார்செக்; ஒன்று சுமார் 3.26 ஒளியாண்டு). கூடு உருண்டையாக இல்லாவிட்டால் விடை தப்பும்.