‘வாழ்நாள் உரிமம்’ என்று விற்கப்படும் அனிமேஷன் கம்போனென்ட்: வாங்குவோர் கவனத்திற்கு

இணையப் பக்கங்களில் அசையும் வெக்டர் படங்களைக் காட்டும் ஆயத்த கம்போனென்ட் (பக்கத்தில் செருகிப் பயன்படுத்தும் நிரல்துண்டு) ஒன்றை, இத்தகையவற்றை விற்கும் ஒரு தளத்தில் எங்கள் குழு பணம் கொடுத்து வாங்கியது. முழுவதும் சொந்த உருவாக்கம், ஒரே முறை கட்டணம், வாழ்நாள் உரிமம் என்று விற்பவர் உறுதி கூறியிருந்தார். சில மாதங்களில், எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் முகப்புப் பக்கத்தில் படம் அசைய வேண்டிய இடத்தில் ‘உரிமத்தைப் புதுப்பிக்கவும்’ என்ற பட்டை தோன்றியது. எங்கள் தரப்பில் ஒரு வரி நிரல்கூட மாற்றப்பட்டிருக்கவில்லை.

கோப்பைப் பிரித்துப் பார்த்ததில் விஷயம் விளங்கியது. எங்களுக்குத் தரப்பட்டிருந்தது சில வரிகளே கொண்ட உறை மட்டும்தான். படத்தை இயக்கும் உண்மையான நிரல், பக்கம் திறக்கப்படும்போதெல்லாம் விற்பவரின் சர்வரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நிரலின் பெரும்பகுதியும் லாட்டி-வெப் என்னும் நிரல் நூலகம் (பிறர் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு). ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்னும் மென்பொருளில் உருவாக்கிய அனிமேஷனை ‘பாடிமூவின்’ (Bodymovin) என்ற நீட்சி ஜேசன் (JSON) என்னும் தரவுக் கோப்பாக மாற்றித் தர, அதை உலாவியில் எஸ்விஜி என்னும் வெக்டர் பட வடிவிலோ கேன்வாஸ் என்னும் வரைபரப்பிலோ வரைந்து காட்டும் அந்த நூலகம் எம்ஐடி என்னும் திறந்த மூல உரிமத்தின்கீழ் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அதை உறையிட்டு விற்பதில் தவறில்லை. உரிமமே அதற்கு இடமளிக்கிறது. பதிப்புரிமை அறிவிப்பும் உரிம வாசகமும் நகலோடு இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அந்த இரண்டையும் நீக்கிவிட்டுத்தான் ‘சொந்த உருவாக்கம்’ என்று விற்றிருக்கிறார்கள்.

பணம் போனதைவிட, பதிப்பு எண் குறிப்பிடாமல் வேறொருவர் சர்வரிலிருந்து நிரல் இறங்கியதுதான் எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. 2024 அக்டோபர் இறுதியில் இதே வகை அனிமேஷன் கோப்புகளை இயக்கும் லாட்டி-பிளேயர் என்னும் வேறொரு பொதியின் 2.0.5, 2.0.6, 2.0.7 ஆகிய பதிப்புகள் தீங்கு நிரலுடன் என்பிஎம் என்னும் நிரல் பொதிக் களஞ்சியத்தில் வெளியாகி, பதிப்பைக் குறிப்பிடாமல் எப்போதும் புதியதையே சிடிஎன் (கோப்புகளை விநியோகிக்கும் சர்வர் வலையமைப்பு) வழியாக எடுத்துக்கொண்டிருந்த தளங்களில், கிரிப்டோ பணப்பையை இணைக்கச் சொல்லும் சாளரம் பார்வையாளர்கள் முன் திறந்தது. 2.0.4 என்று குறிப்பிட்டு வைத்திருந்த தளங்களை அது தொடவில்லை. எங்களுக்கு விற்கப்பட்ட கம்போனென்டிலோ பதிப்பைக் குறிப்பிட வழியே கிடையாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, பதிவிறக்கிய பொருளுக்குப் பணம் திரும்பாது என்று விற்பவரும், இது உங்களிருவருக்கும் இடையிலான விவகாரம் என்று தளத்தாரும் பதில் எழுதினார்கள். (தரகுத் தொகையை எடுத்துக்கொள்ளும்போது அந்த விலகல் இல்லை!)

இப்போது லாட்டி-வெப்பை எங்கள் சர்வரிலேயே வைத்து இயக்குகிறோம். இதே போன்ற ஒன்றை வாங்கியிருப்பவர்கள் உலாவியின் டெவலப்பர் கருவிகளில் உள்ள நெட்வொர்க் பலகத்தைத் திறந்து, நிரல் எந்த முகவரியிலிருந்து வருகிறது என்று பார்த்துவிடுங்கள். வெளி முகவரியாக இருந்தால், மூல ஜேசன் கோப்புகளை இன்றே தனியாக எடுத்து வையுங்கள். விற்பவரின் கருவியில் ஏற்றிய கோப்புகள் அவர்களுக்கே உரிய வடிவத்துக்கு மாற்றப்படுவதால், மூலம் கைவசம் இல்லாத இரண்டு படங்களை நாங்கள் மறுபடியும் வரைய வேண்டியதாயிற்று.