குல்மார்க் ஸ்கீ பேக்கேஜ்: காசு கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சுங்கை சிப்புட் ஆட்களுக்கும் சுற்றியுள்ள தோட்டத்து இளைஞர்களுக்கும் சொல்கிறேன். நம்ம ஊர் டிராவல் ஏஜெண்ட் ஒருவர் (வழக்கு போட்டிருப்பதால் பெயர் எழுதவில்லை) மறுபடியும் காஷ்மீரில் இருக்கும் குல்மார்க்குக்கு ஸ்கீ (பனிச்சறுக்கு) போக ஆட்கள் சேர்க்கிறார். வாட்ஸ்அப்பில் போன வருஷம் எங்களுக்கு அனுப்பிய அதே ஹெலிகாப்டர் படம். குல்மார்க்கில் ஹெலிகாப்டரைக் கண்ணால் பார்க்கவில்லை, அது வேறு கதை.

லயத்து வீட்டில் வளர்ந்தவனுக்கு ஸ்கீ எதற்கு என்று என் அத்தையே கேட்டார். நியூசிலாந்தில் ஒரு குளிர்காலம் ஹோட்டலில் பாத்திரம் கழுவப் போனோம், நானும் இரண்டு கூட்டாளிகளும். லீவு நாளில் பழகியது, பைத்தியமாகிவிட்டது.

போன வருஷக் குல்மார்க் பேக்கேஜுக்கு ஆளுக்கு 6,400 வெள்ளி, விமான டிக்கெட் தனி. நான்கு பேருக்கு ஒரு லைசென்ஸ் உள்ள கைடு, மூன்று நாள் ஆஃப்-பிஸ்ட், பனிச்சரிவுக் கருவிகள், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து என்றார். ஆஃப்-பிஸ்ட் என்பது மெஷின் ஓட்டிச் சமப்படுத்தாத சரிவு. சறுக்க அருமையாக இருக்கும், ஆனால் 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த இடத்தில் புதுப் பனி விழுந்து காற்றும் அடித்திருந்தால் நம் காலடியிலேயே உடைந்து இறங்கலாம். குல்மார்க்கிலேயே 2023 பிப்ரவரியில் இரண்டு போலந்துக்காரர்கள் இப்படிப் பனிச்சரிவில் செத்துப்போனார்கள், 2024 பிப்ரவரியில் ஒரு ரஷ்யர். அதனால்தான் கைடுக்கு அவ்வளவு காசு கொடுக்கிறோம்.

போய் இறங்கினால் எங்களோடு வேறு ஊர்க்காரர்கள் ஆறு பேரைச் சேர்த்துவிட்டிருந்தார். ஒன்பது பேருக்கு ஒரே கைடு. இருபது வயசுகூட இருக்காது அந்தப் பையனுக்கு. நன்றாகச் சறுக்குவான், குணமும் நல்ல குணம். முந்தின ராத்திரிதான் ஹோட்டலில் வைத்து நாள் கூலிக்குக் கூப்பிட்டார்களாம், அவனே சொன்னான். அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை.

முதல் இரண்டு நாளும் பனி கொட்டியது, காற்றில் மேல் கோண்டோலா (கேபிள் கார்) ஓடவில்லை. மூன்றாம் நாள் திறந்ததும் ஊரே ஏறியது, நாங்களும்தான். மேல் ஸ்டேஷன் கிட்டத்தட்ட 3,950 மீட்டர், நம்ம கினபாலு உச்சிக்குக் கொஞ்சம்தான் கீழே, மூச்சு வாங்குகிறது. அங்கே பக்கத்துக் குழுவின் கைடு தன் டிரான்ஸீவரை, அதாவது உடம்பில் கட்டும் சிக்னல் கருவியை, கையில் பிடித்துக்கொண்டு தன் ஆட்களை ஒவ்வொருவராக எதிரில் நடக்கவிட்டார், ஒவ்வொருவருக்கும் 'பீப்' கேட்ட பிறகுதான் விட்டார். பனிக்குள் புதைந்தவனைத் தேட அந்தச் சிக்னல்தான் வழி. கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்காவிட்டால் பிழைப்பது கஷ்டம், கீழிருந்து ஆள் வரும்வரை யாரும் காத்திருக்க முடியாது, கூட இருப்பவர்கள்தான் தோண்ட வேண்டும்.

எங்கள் ஒன்பது பேருக்கு இருந்தது நான்கு டிரான்ஸீவர். என்னுடையதைத் திறந்தேன். பேட்டரியே இல்லை, உள்ளே பச்சையாகத் துரு. மண்வாரி ஒன்று, குத்திப் பார்க்கும் கம்பி ஒன்றுகூடக் கிடையாது. எந்தப் பக்கச் சரிவு இன்றைக்கு ஆகாது என்று எங்கள் கைடு பையனிடம் கேட்டேன், "நோ ப்ராப்ளம் பாய்" என்று சிரித்தான்.

நாங்கள் மூன்று பேரும் கோண்டோலாவிலேயே இறங்கிவிட்டோம். மற்ற ஆறு பேரில் நான்கு பேர் அவனோடு போய்ப் பத்திரமாக வந்தார்கள். அதைத்தான் ஏஜெண்ட் இப்போது சாட்சியாகச் சொல்கிறார். "ஒண்ணும் ஆகலையே தம்பி, பயந்து இறங்கினது நீங்கதானே!" ஹெல்மெட் போடாமல் மோட்டாரில் ஈப்போவரை போய் வந்தவன் பேச்சு மாதிரி இருக்கிறது. "அண்ணே, பேட்டரி எங்கே?" என்று கேட்டால் கடைக்குள் போய்விடுகிறார்.

ஊர் வந்து இன்சூரன்ஸ் தாளைப் படித்தேன். முன்னாடியே படித்திருக்க வேண்டும், என் தப்புதான். ஆஃப்-பிஸ்ட் ஸ்கீக்கு ஒரு காசு கிடைக்காது என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. ரசீதில் சுற்றுலா அமைச்சின் லைசென்ஸ் நம்பரும் இல்லை, கேட்டால் மச்சான் கம்பெனி நம்பரைக் காட்டுகிறார்.

முதலில் 300 வெள்ளி தருகிறேன் என்றார், அப்புறம் அதுவும் இல்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் ஆளுக்கொரு மனு போட்டுவிட்டோம். மனுவுக்கு 5 வெள்ளிதான், 50,000 வெள்ளிவரை கேட்கலாம், லாயர் வேண்டாம், மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். அடுத்த மாதம் விசாரணை.

எங்களோடு வந்த அந்த ஆறு பேரின் போன் நம்பர் எங்களிடம் இல்லை. உங்களில் யாராவது இதைப் பார்த்தால் ரசீதையும், மலை உச்சியில் எடுத்த படங்களில் டிரான்ஸீவர் தெரிகிற படம் இருந்தால் அதையும் எனக்கு அனுப்புங்கள்.