நெஞ்சுவலிக்கு அழைத்தால் தீயணைப்பு வண்டி எதற்கு?

2025 நவம்பர் தேர்தலுக்கான வாக்குச்சீட்டு வழக்கம்போல் அஞ்சலில் வந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் வாக்குச்சாவடிக்குப் போய் நிற்க வேண்டியதில்லை. வீட்டிலேயே நிரப்பி அனுப்பிவிடலாம். சியாட்டில் அடங்கிய கிங் கவுண்டி என்னும் மாவட்டத்தின் ‘மெடிக் ஒன்’ அவசர மருத்துவச் சேவைக்கான சொத்து வரியை இன்னும் ஆறு ஆண்டுகளுக்குத் தொடரலாமா என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. வீட்டு மதிப்பில் ஆயிரம் டாலருக்கு 25 சென்ட் வரி. எட்டு லட்சம் டாலர் பெறும் வீட்டுக்கு ஆண்டுக்கு 200 டாலர். என் மனைவி அந்த இடத்தில் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் ‘சம்மதம்’ என்று நிரப்பினாள். நானும் அதையேதான் நிரப்பினேன். ஆனால் 2022இல் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

அந்த ஆண்டு கோடையில், எங்களோடு வசிக்கும் என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு வலியில் எழுந்திருக்க முடியவில்லை. 911ஐ அழைத்தோம். ஐந்தாறு நிமிடத்தில் எங்கள் முட்டுச்சந்தை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய தீயணைப்பு வண்டி வந்து நின்றது. அதிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். பத்து நிமிடம் கழித்துத் தனியார் ஆம்புலன்ஸ் ஒன்று வந்தது. அதில் இரண்டு பேர். எதிர்வீட்டுக்காரர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். தரையில் கிடந்தபடியே மாமியார், “மாப்பிள்ளை, எங்கே தீப்பிடித்தது?” என்று கேட்டார். எலும்பு முறியவில்லை, நல்லவேளை. வண்டிகள் போன பிறகு எனக்கு மிஞ்சியது கூச்சம்தான். ஒரு வயதான பெண்மணியைத் தூக்கி உட்கார வைக்க இரண்டு வண்டிகளும் ஐந்து ஆட்களுமா?

ஒரு வண்டி போதும் என்பவர்களின் வாதத்தை அன்று முழுவதுமாக ஏற்றுக்கொண்டேன். அதில் இன்றும் நியாயம் இருக்கிறது. இப்போதைய விலையில் ஒரு தீயணைப்பு வண்டி ஒரு மில்லியன் டாலரை ஒட்டி வருகிறது. எடை பதினைந்து டன்னுக்குக் குறையாது. அமெரிக்கத் தீயணைப்புத் துறைகளுக்கு வரும் அழைப்புகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மருத்துவ அழைப்புகள். உண்மையான தீ, நூற்றுக்குச் சில மட்டுமே. அதாவது தீயை அணைக்க வாங்கிய வண்டியின் டயரும் பிரேக்கும் பெரும்பாலும் மயக்கத்துக்கும் மூச்சுத்திணறலுக்குமாகத் தேய்கின்றன. சைரன் ஒலிக்க விரையும் ஒவ்வொரு வண்டியும் சாலையில் போகிறவர்களுக்கு ஆபத்து. இரண்டு வண்டி என்றால் அந்த ஆபத்தும் இரண்டு மடங்கு. உலகின் பல இடங்களில் ஒற்றை ஆம்புலன்ஸ்தான் நடைமுறை. தமிழ்நாட்டில் 2008இல் தொடங்கிய 108 வண்டியில் ஓட்டுநர் ஒருவர், மருத்துவ உதவியாளர் ஒருவர். தீயணைப்பு நிலையத்துக்கு எண்ணும் வேறு, வேலையும் வேறு.

சரி, சின்ன வண்டியில் வரலாமே, இவ்வளவு பெரிய வண்டியை ஏன் ஓட்டி வருகிறார்கள்? எங்கள் ஊர் நிலையத்தில் பொதுமக்களை உள்ளே அழைத்துக் காட்டிய ஒரு நாளில் இதை அங்கிருந்தவரிடமே கேட்டேன். அவர் சொன்ன காரணம் எளிமையானது. அந்த மூன்று பேரும் அந்த வண்டியும் ஒரே அணி. காரில் வந்து என் மாமியாரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இரண்டு தெரு தள்ளி வீடு பற்றிக்கொண்டால், நிலையத்துக்குத் திரும்பிப் போய்த்தான் வண்டியை எடுக்க வேண்டும். வண்டியோடு வந்திருந்தால் எங்கள் வாசலிலிருந்தே கிளம்பிவிடலாம். தனியே ஒரு சிறிய வண்டி வேண்டுமென்றால் அதற்குத் தனியே ஆட்களை நியமிக்க வேண்டும். சம்பளத்தோடு ஒப்பிட்டால் டீசல் செலவு பெரிதல்ல. தீயணைப்பு நிலையங்களோ ஊர் முழுவதும் சில கிலோமீட்டருக்கு ஒன்றாக ஏற்கெனவே பரவி நிற்கின்றன. ஆம்புலன்ஸ்களுக்கு அப்படி ஒரு வலை கிடையாது.

தீயணைப்பு வீரர்களையே மருத்துவ அவசரத்துக்கு அனுப்பும் இந்த யோசனை எங்கள் பகுதியில் ஆரம்பத்திலேயே வேர்விட்டது. 1970இல் ஹார்பர்வியூ மருத்துவமனையின் இதய மருத்துவர் லியோனார்ட் காப், தீயணைப்புத் தலைவர் கார்டன் விக்கரியோடு சேர்ந்து சியாட்டிலில் மெடிக் ஒன்னைத் தொடங்கினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் மருத்துவர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் இதய சிகிச்சைக் கருவியை வண்டியில் ஏற்றி வீடுகளுக்கே அனுப்பியதுதான் முன்மாதிரி. சியாட்டிலில் அதை இரண்டு அடுக்காக்கினார்கள். பக்கத்து நிலையத்திலிருந்து அடிப்படைப் பயிற்சி பெற்ற தீயணைப்பு வீரர்கள் முதலில் வருவார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், 2,000 மணி நேரத்துக்கும் மேல் பயிற்சி பெற்ற அவசரச் சிகிச்சைப் பணியாளர்களான பாராமெடிக்குகள் இருவர் தனி வண்டியில் வருவார்கள். பாராமெடிக்குகளின் எண்ணிக்கை குறைவு. ஒவ்வொருவரும் கையாளும் கடுமையான நோயாளிகள் அதிகம். அதனால் கை பழகியிருக்கும். இதெல்லாம் எனக்குப் பிறகு படித்துத் தெரிந்தது. என் எண்ணத்தை மாற்றியது 2024 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு.

மாமனாருக்கு வயது எழுபத்தொன்று. இரவு உணவை முடித்து, கையலம்பிவிட்டுக் கூடத்துக்கு வந்தவர், நாற்காலியின் முதுகைப் பிடித்தார். பிடி நழுவியது. பக்கவாட்டில் சரிந்தார். மூச்சு என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று, இடைவெளி விட்டு இடைவெளி விட்டு, குறட்டை போல வந்தது. மனைவி 911ஐ அழைத்து ஒலிபெருக்கியில் போட்டாள். எதிர்முனையில் இருந்த பெண் இரண்டே கேள்விகள் கேட்டார்: நினைவு இருக்கிறதா, மூச்சு ஒழுங்காக இருக்கிறதா. இல்லை, இல்லை. உடனே நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தச் சொல்லி, என்னோடு சேர்ந்து எண்ணத் தொடங்கினார். தொலைபேசி வழியே இப்படி அழுத்த வைக்கும் முறையை 1980களின் தொடக்கத்திலேயே வளர்த்தெடுத்ததும் இந்த மாவட்டம்தான்.

நெஞ்சு ஐந்து சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது முறை. செய்து பார்க்காதவருக்கு அதன் பாரத்தைச் சொல்லி விளக்க முடியாது. முதல் நிமிடத்தின் முடிவிலேயே என் முழங்கை நடுங்கியது. மூன்றாவது நிமிடத்தில் எண்ணிக்கை தவறவில்லை, ஆனால் நெஞ்சு உள்ளே போவது குறைந்துவிட்டது. என் கைக்கே அது தெரிந்தது. எனக்குப் பின்னால் யாரும் இல்லை. மனைவி தொலைபேசியோடும் தன் அம்மாவோடும் நின்றாள்.

வாசலில் அதே பெரிய வண்டி. அதே சிவப்பு வெளிச்சம். மூவர் உள்ளே வந்தார்கள். ஒருவர் என் தோளைத் தொட்டு விலகச் சொன்னார். நான் எழுந்த இடத்தில் அவர் மண்டியிட்டார். இன்னொருவர் மேசையை ஒரே தூக்கில் நகர்த்தினார். சுவரோரம் நின்ற குத்துவிளக்கைப் பார்த்தவர், அதை இரண்டு கையாலும் எடுத்துச் சமையலறைத் திண்ணையில் நேராக நிறுத்திவிட்டு வந்தார். மூன்றாமவர் சட்டையை வெட்டி, நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் பட்டைகளை ஒட்டினார். முதல் மின்னதிர்ச்சி. நிறுத்தவே இல்லை, உடனே மீண்டும் அழுத்தம். அதற்குள் சிறிய வண்டி ஒன்றில் இன்னும் இருவர். பின்னாலேயே பாராமெடிக்குகள் இருவர், மேற்பார்வை அதிகாரி ஒருவர். மொத்தம் எட்டுப் பேர், எங்கள் கூடத்தில்.

எட்டுப் பேர் என்றால் நெரிசலாக இருந்திருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படி இல்லை. நெஞ்சுக்கு இருபுறமும் ஒவ்வொருவர். ஒருவர் அழுத்தும்போது எதிரே இருப்பவர் கையைத் தயாராக வைத்துக் காத்திருந்தார். தலைமாட்டில் ஒருவர் சுவாசப் பையைப் பிழிந்தார். ஒருவருக்குக் கடிகாரம் பார்ப்பது மட்டுமே வேலை, இரண்டு நிமிடம் முடியப் பத்து நொடி இருக்கும்போது உரக்கச் சொல்வார், ஆள் மாறும், மாறும் இடைவெளி ஒரு மூச்சு அளவுகூட இருக்காது. பாராமெடிக் ஒருவர் இரத்தநாளத்தில் ஊசி ஏற்றினார், மற்றவர் மூச்சுக்குழாயைக் கவனித்தார். அதிகாரி மாமியாரைச் சோபாவில் உட்கார வைத்து, கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டியை வாங்கி ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். மூன்றாவது மின்னதிர்ச்சிக்குப் பிறகு நாடி வந்தது. மாடிப்படி இறக்கிக் கொண்டுபோக நான்கு பேர் தேவைப்பட்டார்கள். பன்னிரண்டாம் நாள் மாமனார் வீடு திரும்பினார்.

ஒரு வண்டியா, பல வண்டியா என்ற ஒப்பீட்டில் எனக்கு முடிவைத் தந்தது இதுதான். செலவும் சைரனும் டயரும் ஒரு பக்கம் இருக்கட்டும். எத்தனை கைகள் வருகின்றன என்பதுதான் கேள்வி. நின்றுபோன இதயத்துக்கு நம் அழுத்தம் மட்டுமே துடிப்பு. சில நொடி நிறுத்தினால் இதயத்துக்குப் போகும் இரத்தத்தின் அழுத்தம் விழுந்துவிடும். மறுபடி அது ஏறப் பல அழுத்தங்கள் வேண்டும். அழுத்துபவருக்குக் களைப்பு தெரிவதற்கு முன்பே ஆழம் குறையத் தொடங்கிவிடும். அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுகிறார்கள். ஒற்றை ஆம்புலன்ஸில் வரும் இருவரை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் அழுத்துகிறார், ஒருவர் மூச்சுப் பையைப் பிழிகிறார். மருந்தை யார் ஏற்றுவது? கருவியை யார் பார்ப்பது? இரண்டு நிமிடம் கழித்து யாருக்குக் கை மாற்றுவது? அவர்களிடம் குறையே கிடையாது. ஒருவருக்கு இரண்டு கைகள்தான். சீக்கிரம் வண்டியில் ஏற்றி ஓடலாம் என்றால், ஓடும் வண்டியில் நின்றுகொண்டு அழுத்துவது தரையில் அழுத்துவதுபோல் அமையாது. அழுத்தும் இயந்திரங்கள் இருக்கின்றன. நன்றாகச் செய்யும் மனிதக் கைகளைவிட அவை அதிகம் பேரைப் பிழைக்க வைப்பதாகப் பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. அதை மாட்டிவிடவும் கைகள் வேண்டும்.

யாரும் அழுத்தாமல், மின்னதிர்ச்சியும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைக்கிறது. கிங் கவுண்டியில், பிறர் கண்ணெதிரே விழுந்து, மின்னதிர்ச்சி கொடுத்தால் மீளக்கூடிய வகையில் இதயம் நின்றவர்களில் 2013இல் 62 சதவீதம் பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். அந்த எண்ணுக்கு வண்டிகளை மட்டும் காரணம் காட்டினால் அது நேர்மையாகாது. 1970களிலிருந்து பொதுமக்களுக்குச் சொல்லிக் கொடுத்த பயிற்சியும், தொலைபேசியில் எண்ணும் அந்தக் குரலும் அதில் பெரும் பங்கு. ஆனால் என் நடுங்கும் கைகளிலிருந்து அந்த வேலையை வாங்கிக்கொள்ள ஐந்து நிமிடத்தில் ஆட்கள் வராமல் இருந்திருந்தால், நான் அழுத்தியதற்கு என்ன பலன் இருந்திருக்கும்?

தஞ்சாவூரில் என் பெரியப்பா இதேபோல் விழுந்தபோது வந்தது ஒரே வண்டி, இரண்டு பேர். அவர்கள் தங்களால் ஆனதை எல்லாம் செய்தார்கள் என்று அண்ணன் சொன்னான். தெருவே திரண்டு வந்து தூக்கியது. தூக்கக் கைகள் இருந்தன, நெஞ்சை அழுத்தத் தெரிந்த கைகள் இல்லை. பெரியப்பா பிழைக்கவில்லை. இரண்டு வீடுகளை வைத்து ஒரு நாட்டின் முறையை எடைபோட மாட்டேன். அந்த வேறுபாட்டை என்னால் மறக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

எல்லா அழைப்புக்கும் இரண்டு மூன்று வண்டி வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விழுந்த முதியவருக்கும், சுளுக்கிய காலுக்கும், மூன்று நாள் காய்ச்சலுக்கும் ஒரு வண்டி போதும். பலவற்றுக்கு அதுவும் வேண்டாம், தொலைபேசியில் ஒரு செவிலியர் பேசினாலே போதும். இந்தப் பிரிப்பு இங்கே நடக்கத்தான் செய்கிறது. பாராமெடிக்குகள் போவது ஏறத்தாழ நான்கில் ஓர் அழைப்புக்குத்தான். சியாட்டில் நகரம் 2019இல் ‘ஹெல்த் ஒன்’ என்ற பெயரில் தீயணைப்பு வீரர்களையும் ஒரு சமூகப் பணியாளரையும் சாதாரண வண்டியில் அனுப்பத் தொடங்கியதும், உயிருக்கு ஆபத்தில்லாத அழைப்புகளிலிருந்து பெரிய வண்டிகளை விடுவிப்பதற்காகத்தான். பக்கவாதத்துக்கும் கடும் மூச்சுத்திணறலுக்கும் இரண்டாவது வண்டி எந்த அளவு உதவுகிறது என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது; அப்படி ஒரு வீட்டில் நான் நின்றதில்லை. நிலையங்கள் தொலைதூரத்தில் இருக்கும் கிராமப்புறங்களுக்கும் என் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே இரண்டாவது வண்டி என்பது அடுத்த ஊரை வெறுமையாக்கிவிட்டு வருவது.

சென்ற செப்டம்பரில் மாமியார் மறுபடியும் விழுந்தார், இந்த முறை பின்வாசல் படியில். 911இல் இருந்தவர் நிதானமாகக் கேட்டார்: தலையில் அடியா, இரத்தம் வருகிறதா, மூச்சு எப்படி, பேசுகிறாரா, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா. மாமியாரே பக்கத்திலிருந்து பதில் சொன்னார். சைரன் இல்லாமல் ஒரு சிறிய வண்டி வந்தது. இரண்டு பேர் இறங்கி, கணுக்காலைப் பார்த்துக் கட்டுப்போட்டுவிட்டு, எலும்பு மருத்துவரிடம் காரிலேயே அழைத்துப் போகலாம் என்றார்கள். இத்தனை கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்குகிறார்களே என்று நினைத்து, பாதியில் “சீக்கிரம் அனுப்புங்கள்” என்று கத்துகிறவர்கள் எங்கள் நண்பர்களிலேயே உண்டு. கேள்விகள் முடியும்வரை வண்டி காத்திருப்பதில்லை. முதல் பதில்களிலேயே அது கிளம்பிவிடும். மீதிக் கேள்விகள், பின்னால் இன்னொரு வண்டி வேண்டுமா என்று தீர்மானிப்பதற்கு.