மேடை வித்தையைப் பாருங்கள், தனி அமர்வுக்குப் பணம் கட்டாதீர்கள்

டி.வி.யில் பெயர் வாங்கிய 'மனோசக்தி' ஆட்கள் ராமநாதபுரம், ராமேஸ்வரம், கீழக்கரைப் பக்கம் வந்தால் விற்பது இரண்டு சரக்கு. ஒன்று மண்டபத்தில் மேடை நிகழ்ச்சி. இன்னொன்று லாட்ஜ் அறையில் தனியாகக் குறி சொல்வது. முதலாவது காசுக்குத் தகுந்த வித்தை. இரண்டாவதை யாருக்கும் பரிந்துரைக்க முடியாது.

மேடையில் எல்லோரும் வாய் பிளப்பது, பார்வையாளர்கள் கேள்வி எழுதி ஒட்டிய கவரை நெற்றியில் வைத்துப் படிக்கும்போது. முதல் கவரை நெற்றியில் வைத்து, "பரமக்குடியில் மகளுக்கு வரன் பார்ப்பவர் யார்?" என்பார். ஒருவர் எழுந்து "நான்தான்" என்பார். அவர் கையாள். சரிபார்ப்பதுபோல அந்தக் கவரைப் பிரிக்கும்போது உள்ளே இருப்பது வேறொருவருடைய கேள்வி. அதை மனசில் வாங்கிக்கொண்டு, அடுத்த கவரை நெற்றியில் வைத்துச் சொல்வார். இப்படியே ஒரு கவர் முந்திக்கொண்டே போகும். கையாளின் கவர் அடையாளத்தோடு அடியில் கிடந்து கடைசியில் வரும், கணக்கு நேராகிவிடும். இதை உடைப்பது எளிது. உங்கள் கவரை நீங்களே கையில் வைத்துக்கொண்டு, எதையும் பிரிப்பதற்கு முன் இதைச் சொல்லச் சொல்லுங்கள்.

தாளின் நடுவில் வட்டம் போட்டு அதற்குள் பெயர் எழுதச் சொல்வது இன்னொரு முறை. மடித்துக் கிழித்து எரிக்கும்போது நடுத்துண்டு மட்டும் விரலிடுக்கில் தங்கிவிடும். ஓரத்தில் எழுதினால் வித்தை நின்றுபோகும்.

கரண்டி வளைப்பவர்கள் அதன் கழுத்தை முன்கூட்டியே பலமுறை வளைத்து நிமிர்த்தி, முறியும் நிலைக்குக் கொண்டுவந்திருப்பார்கள். மேடையில் விரலால் தேய்த்தாலே தொங்கிவிடும். இந்த வித்தையால் உலகப் புகழ் பெற்ற யூரி கெல்லர் 1973-ல் ஜானி கார்சனின் அமெரிக்க டி.வி. நிகழ்ச்சிக்கு வந்தார். கார்சனும் மேஜிக் தெரிந்தவர். மோசடிகளை அம்பலப்படுத்திய மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டியிடம் யோசனை கேட்டு, கரண்டி முதலான பொருள்களை நிகழ்ச்சித் தரப்பே கொண்டுவந்தது. கெல்லரின் ஆட்களை அவற்றைத் தொடவிடவில்லை. 20 நிமிடம் போல உட்கார்ந்தும் ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்குச் சக்தி வலுவாக இல்லை என்றார் கெல்லர். பொருள் யார் கையில் இருந்தது என்பதைப் பொறுத்தே சக்தி வருகிறது, போகிறது.

பெயர், தெரு, நோய் என்று துல்லியமாகச் சொன்னால் காதைப் பாருங்கள். அமெரிக்க மதபோதகர் பீட்டர் போபாஃப் இப்படிச் சொன்னதெல்லாம் காதுக்குள் இருந்த கருவியில் மனைவி படித்துக் கொடுத்தது. 1986-ல் ராண்டி குழு 39.17 மெகாஹெர்ட்ஸில் அதைப் பதிவு செய்து டி.வி.யில் போட்டது. இன்றைக்கு அவ்வளவு சிரமம் தேவையில்லை. முன்பதிவுக்குக் கொடுத்த போன் நம்பரும் வாட்ஸ்அப் படமும் போதும்.

தனி அமர்வில் கருவிகூட வேண்டாம். நம் கரையின் வாழ்க்கையைத் தெரிந்து வைத்திருந்தாலே பாதி வேலை முடிந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது வந்து "கையில் காசு தங்கவில்லை, நகை வீட்டில் இல்லை" என்றால் தங்கச்சிமடத்தில் எத்தனை தலை ஆடாமல் இருக்கும்? கீழக்கரையில் "கடல் தாண்டி ஒருவர் இருக்கிறார்" என்றால் போதும். பாம்பன் தீவில் "உங்கள் குடும்பத்தில் தண்ணீர் ஒரு உயிரை வாங்கியிருக்கிறது" என்பார்கள். 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயலை நினைத்தாலே இது ஏன் பலிக்கிறது என்று புரியும். சொல்லிவிட்டு முகத்தைப் பார்ப்பார். கண் கலங்கினால் அந்த வழியே போவார். இல்லையென்றால் "அது பங்காளி வீடாக இருக்கும்" என்று திருப்பிவிடுவார்.

1948-ல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 39 மாணவர்களிடம் "உன் குணம் இது" என்று ஒரே குறிப்பைக் கொடுத்தார். தனக்கென்றே எழுதியது என நம்பி அவர்கள் போட்ட சராசரி மதிப்பெண் 5-க்கு 4.26. நம்பியவர்கள் முட்டாள்கள் அல்ல. மனித மனம் பொருந்துவதைப் பிடித்துக்கொள்ளும், பொருந்தாததை விட்டுவிடும். அமர்வை போனில் பதிவு செய்து, வீட்டில் சரி, தவறு, யாருக்கும் பொருந்தும் என மூன்றாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். பதிவே கூடாது என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

உண்மையான சக்தி எங்காவது இருக்காதா என்றால், கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1963-ல் ஒரு லட்சம் ரூபாய் பந்தயம் வைத்தார். மோசடிக்கு இடமில்லாத நிலையில் செய்து காட்டினால் போதும். 1978-ல் அவர் இறக்கும்வரை யாரும் ஜெயிக்கவில்லை.

இந்தச் சேவையில் மன்னிக்கவே முடியாதது, கடலுக்குப் போய்த் திரும்பாதவரைப் பற்றிக் குறி சொல்லிக் காசு வாங்குவது. "உயிரோடு இருக்கிறார், தெற்கே, தண்ணீருக்குப் பக்கத்தில்" என்பார்கள். நாலு பக்கமும் கடல் உள்ள தீவில் அது எந்த இடம்? அந்தப் பேச்சை நம்பிக் காத்திருக்கும் மணி நேரங்களில் படகு நீரோட்டத்தில் இன்னும் தள்ளிப் போகும், தேட வேண்டிய பரப்பு விரியும். திரும்பும் நேரம் தவறினால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசுக்கு 1093, உடனே மீன்வளத்துறை அலுவலகம். படகின் பதிவு எண், கரையை விட்ட நேரம், மீன்பிடிக்கப் போன இடம், ஆட்களின் எண்ணிக்கை, கடைசியாக போன் பேசிய நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பேசுங்கள்.