குதிரைக்காரர் கொடுத்த ஓவியக் கூடம்: நியூ ஹேவன் பிரிட்டிஷ் கலை மையம்

நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் ரயில் ஏறினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் நியூ ஹேவன் வந்துவிடும். அங்கே சேப்பல் தெருவில் இருக்கிறது யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையம். நுழைவுக் கட்டணம் கிடையாது. மங்கலான எஃகுத் தகடுகளும் கண்ணாடியும் போர்த்திய வெளிப்புறத்தையும், தரைத்தளத்தில் தெருவைப் பார்த்த கடைகளையும் கண்டு, ஏதோ அலுவலகக் கட்டடம் என்று எண்ணிக் கடந்து போகிறவர்கள் இருக்கக்கூடும்.

இந்தச் சேகரிப்பையும் கட்டடத்தையும் கொடுத்தவர் பால் மெலன் (1907–1999). பிட்ஸ்பர்க் வங்கியாளரும் அமெரிக்க நிதித்துறைச் செயலாளராக இருந்தவருமான ஆண்ட்ரூ மெலனின் மகன். தந்தை விட்டுச்சென்ற செல்வத்தைப் பெருக்குவதில் மகனுக்கு நாட்டமில்லை. குதிரைகளிலும் ஓவியங்களிலுமே மனம் சென்றது. யேலிலும் பிறகு கேம்பிரிட்ஜிலும் படித்த அவர், 1936இல் முதன்முதலாக வாங்கிய பிரிட்டிஷ் ஓவியமே பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் தீட்டிய 'பம்ப்கின்' என்னும் பந்தயக் குதிரையின் படம். சேகரிப்பு முழுவதற்கும் அதுவே திறவுகோல் என்பேன்.

ஆகவே இங்கு வருபவர்கள் புகழ்பெற்ற இயற்கைக் காட்சி ஓவியர்களான டர்னரையும் கான்ஸ்டபிளையும் தேடி ஓடும் முன் ஸ்டப்ஸின் படங்களுக்கு முன்னால் நிற்பது நல்லது. ஓராண்டுக்கும் மேலாகக் குதிரை உடல்களை அறுத்து ஆராய்ந்து, 1766இல் குதிரையின் உடற்கூறு பற்றிப் பெரும் நூல் வெளியிட்டவர் அவர். தோலுக்கடியில் தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அறிந்த கை அது என்பது அருகில் சென்று பார்த்தால் விளங்கும். 1763இல் அவர் வரைந்த வரிக்குதிரையும் இங்கேதான் இருக்கிறது. அரசி சார்லட்டிடம் இருந்த அந்த ஆப்பிரிக்க விலங்கு, இங்கிலாந்தின் பசுமையான காட்டுக்குள் சற்றும் பொருந்தாமல் நிற்பதையும், அதன் கழுத்தடியில் தொங்கும் சிறு தோல்மடிப்பைக்கூட ஓவியர் விடாமல் பதிவு செய்திருப்பதையும் பார்க்கலாம். குதிரையைக் கூர்ந்து பார்க்கத் தெரிந்த ஒருவரே இத்தகைய படங்களைத் தேடி வாங்கியிருக்க முடியும். மெலன் பந்தயக் குதிரைகளின் உரிமையாளரும்கூட. அவருடைய மில் ரீஃப் என்னும் குதிரை 1971இல் இங்கிலாந்தின் எப்சம் டெர்பியையும் பாரிஸின் ஆர்க் பந்தயத்தையும் வென்றது. மறு ஆண்டு கால் முறிந்தபோது அறுவை சிகிச்சையால் அது காப்பாற்றப்பட்டது. 1993இல் அவருடைய இன்னொரு குதிரை சீ ஹீரோ அமெரிக்காவின் கென்டகி டெர்பியை வென்றபோது மெலனுக்கு வயது 85.

கட்டடத்தை வடிவமைத்தவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான். 1974இல் அவர் இறந்த பின்னரே வேலை முடிந்து, 1977இல் மையம் திறக்கப்பட்டது. உள்ளே வெண்ணிற ஓக் பலகை, லினன் துணி ஒட்டிய சுவர், பூச்சில்லாத கான்கிரீட், நடுவே மாடிப்படியை உள்ளடக்கி எழும்பும் கான்கிரீட் உருளை. மேல்தளத்தில் கூரை வழியே இறங்கும் பகல் வெளிச்சமே படங்களுக்கு முதன்மையான விளக்கு. மேகம் கடந்தால் கான்ஸ்டபிளின் வானமும் சேர்ந்து மாறுகிறது. இதற்காகவே மாலை மங்கும் நேரத்தைத் தவிர்த்துப் பகலில் செல்லுங்கள்.

குறை என்று சொன்னால், மெலனின் ரசனை பெரும்பாலும் நிலவுடைமைச் சீமான்களின் பிரிட்டனையே சுற்றி வருகிறது; மாளிகை, வேட்டைநாய், குதிரை என்று அறைக்கு அறை தொடரும்போது, அந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. அந்தக் கேள்வியை எழுப்பும் ஓவியம் ஒன்று இம்மையத்திடமே உண்டு: சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல் குடும்பத்தாருடன் இருக்க, அருகே கழுத்தில் உலோக வளையத்தோடு ஓர் அடிமைச் சிறுவன் நிற்கிறான். பல்கலைக்கழகத்தின் பெயரே அந்த ஆளுநருடையதுதான்.

திங்கட்கிழமை விடுமுறை. கூடத்தில் தொங்காத நீர்வண்ணப் படங்களையும் அச்சுப் படங்களையும் அரிய நூல்களையும் காண விரும்புவோர் முன்கூட்டியே எழுதிக் கேட்டால், ஆய்வு அறையில் மேசை மேல் எடுத்துவைத்துக் காட்டுவார்கள்.